கொட்டச் சொன்ன பால்

கணக்கு டீச்சருக்கு 'இருக்கலாம்' என்ற பதில் ஆகாது. விடை வந்ததா வரவில்லையா, அவ்வளவுதான். வகுப்பில் எந்தப் பிள்ளையாவது இழுத்தால் சாக்பீஸ் பறக்கும். இந்தக் குணத்தோடு நான் வீட்டிலும் இருந்ததால் என் கணவர் என்னிடம் 'சாயங்காலம் வரலாம்' என்றுகூடச் சொல்ல மாட்டார். வருவேன், அல்லது வர மாட்டேன். அப்படிப்பட்டவளை 'இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்' என்ற ஒற்றைப் பதிலைக் கையில் கொடுத்து ஒரு முடிவெடுக்கச் சொன்னார்கள்.

தொண்ணூறுகளின் கடைசி அது. மைசூர் விஜயநகரில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். கணவருக்கு ரயில்வேயில் வேலை. மகள் பிறந்து ஐந்தாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. தாய்ப்பால் தவிர வேறு எதுவும் அவள் நாக்கில் பட்டதில்லை.

என் தம்பிக்கு ரத்தப் புற்றுநோய். பெங்களூரில் ஒரு ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்து நோயை அடக்கி வைத்திருந்தார்கள். அடங்கியிருக்கும்போதே உடன்பிறந்தவர் ஒருவரின் ஸ்டெம் செல்லை அவன் உடம்பில் ஏற்ற வேண்டும், தள்ளிப்போட்டால் நோய் திரும்பிவிடும் என்றார் டாக்டர். அவனுக்கு உடன்பிறந்தவள் நான் ஒருத்திதான். ரத்தச் சோதனையில் எனக்கும் அவனுக்கும் பொருந்தியது. அம்மா ஆஸ்பத்திரி வராண்டாவிலேயே என் காலைத் தொடப் போனாள். நான் அவளை அதட்டி உட்கார வைத்தேன். அதட்டாவிட்டால் நானும் அழுதிருப்பேன்.

கொடுப்பதற்கு இரண்டு வழி இருந்தது. மயக்க மருந்து கொடுத்து இடுப்பெலும்பில் ஊசியால் மஜ்ஜையை உறிஞ்சி எடுப்பது ஒன்று. பிரசவ ஆபரேஷனின்போது மயக்க மருந்தால் எனக்கு மூச்சுச் சிக்கல் வந்து பெரிய ரகளையாகியிருந்ததால் அந்த வழியை டாக்டர் உடனே மூடிவிட்டார். மற்றது அப்போதுதான் புதிதாக வந்திருந்தது. சில நாட்களுக்குத் தினமும் ஒரு ஊசி போட்டுக்கொண்டால் எலும்புக்குள் இருக்கும் ஸ்டெம் செல்கள் பெருகி ரத்தத்துக்கு வந்துவிடும். பிறகு ஒரு மெஷின் ரத்தத்தைச் சுழற்றி அவற்றை மட்டும் பிரித்தெடுத்துக்கொள்ளும்.

"வயித்துல இன்னொரு குழந்தை இருக்க வாய்ப்பு உண்டாம்மா?" என்று டாக்டர் கேட்டார். தமிழ் தெரிந்த மனிதர். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் கணவர் மின்விசிறியைப் பார்க்க ஆரம்பித்தார்.

"பால் குடுத்துட்டிருக்கேன் டாக்டர். இன்னும் மாசாமாசம் வர்றதே வரலை."

"அதை நம்பிப் பெத்தவங்களை எல்லாம் கூப்பிட்டா இந்த வராண்டா பத்தாது" என்று சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திக்கொண்டு சொன்னார். கரு இருந்தால் இந்த ஊசி கிடையவே கிடையாது. வளரும் கருவை அது என்ன செய்யும் என்று உறுதியாகச் சொல்ல யாரும் இல்லை. சிறுநீரைச் சோதித்துப் பார்த்தார்கள், கரு இல்லை என்று வந்தது. எல்லாம் முடியும்வரை கவனமாக இருக்கச் சொன்னார். என் கணவர் மின்விசிறியிடம் தலையாட்டினார்.

"பால் டாக்டர்? இந்த மருந்து பாலில் போகுமா?"

"போகலாம். போகாமலும் இருக்கலாம்."

"போனால் குழந்தைக்கு என்ன ஆகும்?"

"வயித்துலேயே செரிச்சுப் போயிடும்னு நினைக்கிறேன். ஆனா நான் நினைக்கிறது வேற, தெரியறது வேற. தெரியாது. கடைசி ஊசிக்கு அப்புறம் சில நாள் வரைக்கும் குடுக்காதீங்க. பீச்சிக் கொட்டிடுங்க."

நான் விடுவேனா? மைசூருக்கு வந்ததும் மகளைப் பார்க்கும் குழந்தை டாக்டரிடம் போனேன். அவர் நான் பெங்களூரிலேயே கேட்டு வாங்கி வந்திருந்த, மருந்துப் பெட்டிக்குள் வைக்கும் துண்டுக் காகிதத்தை முன்னும் பின்னும் திருப்பிப் படித்தார். தாய்ப்பாலில் கலக்கிறதா என்பது தெரியவில்லை என்றுதான் மருந்து செய்தவர்களே அதில் அச்சடித்திருந்தார்கள். "கொத்தில்லம்மா" என்றார் கன்னடத்தில். தெரியாதாம். தேவராஜ மொஹல்லாவில் பெரிய மருந்துக்கடை வைத்திருந்தவர் பூதக்கண்ணாடி வைத்துப் படித்துவிட்டு அதையே சொன்னார். இந்த ஊரில் படித்தவர்கள் இத்தனை பேர் இருந்தும் ஒருவருக்கும் ஒரு விடை வரவில்லையே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அந்தக் கடையிலேயே பால் உறிஞ்சும் ரப்பர் குமிழ் ஒன்றும் ஒரு டப்பா பால் பவுடரும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். விடை இல்லாத கணக்கில் ஒரு விஷயமாவது என் கையில் இருந்தது. மருந்து பாலில் போனால் போகட்டும், அந்தப் பால் மகள் வாய்க்குப் போகாது. தம்பிக்கும் கொடுப்பேன், மகளையும் பத்திரமாக வைப்பேன். ஒன்றை விட்டு ஒன்று என்ற பேச்சே என்னிடம் கிடையாது என்று முடிவு செய்தேன்.

அம்மா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் இதையெல்லாம் தம்பியிடம் சொல்லிவிட்டாள். அவன் ஆஸ்பத்திரியிலிருந்து கீழ்வீட்டுப் போனுக்குக் கூப்பிட்டான்.

"எனக்கு வேண்டாம்க்கா. என் மருமக பால்ல கை வெச்சுதான் நான் பொழைக்கணுமா?"

"யாருடா அவ பால்ல கை வெக்கறது? அவளுக்கு டப்பாப் பால் வாங்கியாச்சு."

"அவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

"ஆகாது. நாளைக்கு அவளுக்குச் சீர் செய்ய மாமன்னு ஒருத்தன் வேணும். செலவுக்குப் பயந்து தப்பிக்கப் பாக்காதே."

சிரித்தான். சிரித்துவிட்டு, "அவ வாய்க்கு ஒரு சொட்டு போச்சுன்னு தெரிஞ்சாலும் நான் ஒத்துக்க மாட்டேன், பாத்துக்க" என்றான். அவன் சின்ன வயதிலிருந்தே சொன்னால் செய்கிறவன். குடும்பக் குணம்.

குழந்தையைப் பார்த்துக்கொள்ள கொள்ளேகாலிலிருந்து என் கணவரின் அக்கா வந்தார். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். கணவர் இறந்த பிறகு தையல் மெஷினை மிதித்தே இரண்டு பிள்ளைகளை ஆளாக்கியவர். மகள் பிறந்த நாளிலிருந்து அவள்மேல் அவருக்கு அப்படி ஒரு பித்து. நான் அவரை உட்கார வைத்து எல்லாவற்றையும் விளக்கினேன். பீச்சும் பாலைக் கொட்டிவிட வேண்டும், குழந்தைக்கு டப்பாப் பாலைக் கரைத்துப் பாலாடையில் புகட்ட வேண்டும் என்றேன்.

"அந்த மருந்து பால்ல போகுமா, அம்மிணி?"

"தெரியாது அண்ணி."

"தெரியாமயா கொட்டச் சொல்றாங்க?"

"தெரியாததாலதான் கொட்டச் சொல்றாங்க."

அண்ணி மோவாயைத் தடவிக்கொண்டு "செரி" என்றார். அந்தச் 'செரி'யை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஊசிகளை ஐஸ் போட்ட பிளாஸ்கில் வைத்து என் கணவர் பெங்களூரிலிருந்து ரயிலில் கொண்டுவந்தார். கீழ்வீட்டு ஃபிரிட்ஜில் அவர்களுடைய தோசை மாவுக்குப் பக்கத்தில் இடம் கொடுத்தார்கள். அடுத்த தெருவில் இருந்த நர்ஸம்மா காலையில் டியூட்டிக்குப் போகும் வழியில் வந்து போட்டுவிட்டுப் போவார். முதல் ஊசிக்கு ஒன்றும் தெரியவில்லை. அடுத்ததிலிருந்து இடுப்பும் நடு நெஞ்செலும்பும் உள்ளுக்குள் குடைய ஆரம்பித்தன. எலும்பு வலித்தால் மருந்து வேலை செய்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வலிக்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தேன்.

மார் கட்டி வலித்தது தனி. உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு ரப்பர் குமிழால் உறிஞ்சி டம்ளரில் விடுவேன். அண்ணி வந்து முந்தானையால் மூடி எடுத்துக்கொண்டு போவார். மகள் என் வாசனைக்கு அழுவாள் என்பதால் அவளை என் பக்கமே கொண்டுவர வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். முதல் நாள் பகலெல்லாம் அவள் அழுதது கதவு வழியாகக் கேட்டது. சாயங்காலத்துக்கு மேல் அடங்கிவிட்டாள். டப்பாப் பாலுக்குப் பழகிவிட்டாள் என்று நிம்மதியாகவும் இருந்தது, கொஞ்சம் வயிற்றெரிச்சலாகவும் இருந்தது. இவ்வளவு சீக்கிரமாகவா என்னை மறந்துவிட்டாள்?

மூன்றாம் ஊசி போட்ட அன்று, வலி மாத்திரைக்குத் தண்ணீர் எடுக்க அடுப்படிக்குப் போனேன். அலமாரியில் பால் டப்பா இருந்தது. கை சும்மா இருக்காமல் திறந்து பார்த்தேன். வாங்கி வந்த அன்று இருந்த மட்டத்திலேயே பவுடர் இருந்தது. பிள்ளை குடிக்கிறது, டப்பா குறையவில்லை. இந்தக் கணக்குக்கு விடை வர எனக்கு நேரம் ஆகவில்லை.

பின்பக்கம் துணி உலர்த்தும் இடத்தில் அண்ணி காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கால்மேல் என் மகள். கையில் பாலாடை. பக்கத்தில் நான் சற்று முன் கொடுத்தனுப்பிய டம்ளர்.

நான் போட்ட சத்தத்தில் கீழ்வீட்டு அம்மா படியேறி வந்துவிட்டார். என்ன சொன்னேன் என்று எழுத மாட்டேன். மூத்தவர் என்றும் பார்க்காமல் சொன்னேன். அண்ணி குழந்தையை மார்போடு சேர்த்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"தாய்ப்பாலச் சாக்கடைல ஊத்துனா எறும்பு மொய்க்கும், அம்மிணி. எறும்பு மொய்ச்சா மாரு வத்திப் போகும். எந்த ஊர்லயும் செய்ய மாட்டாங்க."

"அதுல மருந்து இருக்கு அண்ணி!"

"இருக்குதா? நீ தெரியாதுன்னுதானே சொன்ன? டப்பாப் பால வாய்ல வெச்சா துப்புது. அன்னிக்குப் பூராவும் புள்ள ஒண்ணுக்கே போகுல. உதடு காஞ்சு போச்சு. தெரியாததுக்குப் பயந்துக்கிட்டு, தெரிஞ்ச பசிய வேடிக்க பாக்கச் சொல்றியா? உங்கம்மா புள்ளய நீ காப்பாத்து. உம்புள்ளய யாரு காப்பாத்தறது?"

சொல்லிவிட்டு ஓவென்று அழுதார். எனக்கு அவரை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, காலில் விழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் மகளைப் பிடுங்கிக்கொண்டேன். அவள் என் ரவிக்கையை முகர்ந்து வாயைத் திறந்தாள். மறுபடியும் அவர் கையிலேயே கொடுக்க வேண்டியதாயிற்று.

எஸ்டிடி பூத்துக்கு ஓடினேன். இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஓடினேன் என்று சொல்ல வேண்டும். பெங்களூர் டாக்டர் முழுவதையும் கேட்டார்.

"ஊசியை இத்தோட நிறுத்திட்டா என்ன ஆகும் டாக்டர்?" என்று கேட்டேன். கேட்கத்தான் செய்தேன்.

"உங்க தம்பிக்கு இருந்த மஜ்ஜையை மருந்து குடுத்து அழிச்சாச்சும்மா. இனி அவனுக்குச் சொந்தமா ரத்தம் ஊறாது. நீங்க குடுக்கிறதுதான். இல்லேன்னா..." என்று நிறுத்தினார்.

"குழந்தைக்கு?"

"பெரும்பாலும் ஒண்ணும் இருக்காது. கூட்டிட்டு வாங்க, ரத்தம் பாத்துடலாம். இனிமே மட்டும் வேண்டாம்."

அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் நின்றபடி யோசித்தேன். குடித்ததைத் திரும்ப எடுக்க முடியாது. நான் ஊசியை நிறுத்தினால் மகள் வயிற்றில் போனது வெளியே வரப் போவதில்லை, தம்பி மட்டும் போவான். மறுநாள் காலை நர்ஸம்மா வந்தபோது கையை நீட்டினேன். குழந்தை டாக்டர் சொன்னபடி பசும்பாலைத் தண்ணீர் விட்டுக் காய்ச்சினோம். துப்பத் துப்ப விடாமல் அண்ணியே புகட்டினார். பீச்சிய பாலை நானே எடுத்துப்போய்க் கொட்டினேன். தம்பியிடம் எதையும் சொல்லக் கூடாது என்று அம்மாவுக்கும் கணவருக்கும் சத்தியம் வாங்காத குறை. அண்ணியிடம் நான் பேசவே இல்லை.

எல்லோருமாகப் பெங்களூருக்கு ரயிலேறினோம். ஜன்னலோரம் அண்ணி, மடியில் மகள். எதிரில் நான். மத்தூர் வடை விற்கிறவன் வந்து போனான். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

மெஷின் ஒரு பீரோ அளவு இருந்தது. ஒரு கையிலிருந்து ரத்தம் போகும், மறு கை வழியாகத் திரும்பி வரும். இரண்டு கையிலும் தடித்த ஊசி. முழங்கையை மடக்கவே கூடாது என்றார் நர்ஸ். மூக்கு அரித்தால்கூட அவர்தான் சொறிய வேண்டும். மெஷின் சுற்ற ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் உதடு மரத்தது. அது வழக்கம்தான் என்று கால்சியம் மாத்திரை கொடுத்தார். மேலே தொங்கிய பையில் தக்காளி ரச நிறத்தில் சொட்டுச் சொட்டாகச் சேர்ந்தது. அதைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன்.

அப்போது வெளியே என் மகள் வீறிட்டாள். பக்கத்து அறையில் அவள் குதிகாலில் குத்தி ரத்தம் எடுக்கிறார்கள் என்று புரிந்தது. அவள் அழுகை காதில் விழுந்த மறுநிமிடம் எனக்கு இரண்டு மாரிலும் பால் சுரந்து கொட்ட ஆரம்பித்தது. ரவிக்கை நனைந்து, சேலை நனைந்து, விலா வழியாகப் படுக்கைக்கு ஓடியது. துடைக்கக் கை இல்லை. தூக்கக் கை இல்லை. ரத்தம் ஒருத்தனுக்குப் போய்க்கொண்டிருந்தது, பால் யாருக்கும் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. அவ்வளவு நாள் அதட்டி வைத்திருந்த அழுகை எல்லாம் சேர்ந்து வந்தது.

நர்ஸ் பயந்துவிட்டார். "கொஞ்ச நேரம் நிறுத்தட்டுமா?" என்றார்.

"நிறுத்தாதீங்க" என்றேன். அவர் மறுபடி கேட்டார். "ஓடட்டும். நிறுத்தவே கூடாது" என்று கத்தினேன்.

கதவைத் திறந்துகொண்டு அண்ணி வந்தார். குழந்தையை என் கணவரிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தார். துண்டை எடுத்து என் கழுத்தையும் மாரையும் துடைத்தார், முகத்தைத் துடைத்தார். துண்டு நனைந்ததும் மூலையில் இருந்த கைகழுவும் தொட்டிக்குப் போனார். ஒரு கணம் நின்றார். பிறகு அதைச் சாக்கடைக்குப் போகும் அந்தத் தொட்டியிலேயே பிழிந்துவிட்டு வந்து திரும்பவும் துடைத்தார். "அண்ணி" என்றேன். "பேசாமப் படு கண்ணு" என்றார். கொஞ்ச நேரத்தில் வெளியே போனவர் நெடுநேரம் வரவில்லை.

மகளின் ரத்த அணுக்கள் அந்த வயதுக்கு இருக்க வேண்டியபடிதான் இருந்தன. டாக்டர் வந்து சொன்னார். "ஒண்ணும் ஆகலைன்னு சொல்லலாமா டாக்டர்?" என்று கேட்டேன். "ஒண்ணும் தெரியலைன்னு சொல்லலாம்" என்றார். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். அந்த மனிதர்மேல் அன்றுதான் எனக்கு மரியாதை வந்தது.

பையில் இருந்ததைத் தம்பிக்கு ஏற்றினார்கள். சில வாரங்கள் காய்ச்சலும் வாய்ப்புண்ணுமாகக் கிடந்தான். பிறகு அவன் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் தலைகாட்டின. எல்லாம் என்னுடையவை. சொன்ன நாட்களுக்கு மேலும் சில நாள் பொறுத்துத்தான் மகளை மாரில் போட்டேன். பால் குறைந்திருந்தது. ஆனாலும் அவள் மறக்கவில்லை.

அடுத்த வருடம், மகளுக்கு ஒன்றரை வயதில் கடுமையான காய்ச்சல் வந்தது. குழந்தை டாக்டர் ரத்தம் பார்த்துவிடலாம் என்றார். எந்தக் காய்ச்சலானாலும் எனக்குள் ஒரு பக்கம் அந்தப் பாலாடையை நினைக்கும். யாரிடமும் சொல்ல மாட்டேன். அம்மா மூலம் விஷயம் தெரிந்து தம்பி பஸ் பிடித்து வந்துவிட்டான். காய்ச்சல் இருக்கும் வீட்டுக்குள் அவன் வரவே கூடாது, உடம்பு இன்னும் தேறவில்லை. மாடிப்படியின் நடுவிலேயே அவனை நிறுத்தி வைத்துத் திட்டினேன்.

"திட்டு. ரிப்போர்ட் வந்துச்சா?"

"வந்துடுச்சு. எல்லாம் சரியாத்தான் இருக்கு. சாதாரணக் காய்ச்சல்டா, இதுக்குப் போயி..."

"வெள்ளை அணு எவ்வளவுன்னு படிச்சுச் சொல்லு."

படித்தேன். "இதெல்லாம் உனக்கு எதுக்கு?" என்று கேட்டேன். அவன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கீழேயே பார்த்துக்கொண்டிருந்தான்.

"உன் அண்ணி அன்னிக்கே சொல்லிட்டாங்கக்கா. நீ மெஷின்ல படுத்திருந்தப்ப. என்னைத் தனியா வெச்சிருந்த ரூம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னு, அங்க இருந்த போன்ல சொன்னாங்க. பாப்பா குடிச்சுட்டா, தப்பு முழுக்க என்னுதுன்னாங்க."

நான் ரிப்போர்ட்டை மடித்தேன், திரும்பப் பிரித்தேன்.

"வேண்டாம்னு சொல்லத்தான் வாயெடுத்தேன். அதுக்குள்ள அவங்க, உங்கக்கா பால் நனைஞ்ச சேலையோட கிடக்கறா, நர்ஸ் நிறுத்தட்டான்னு கேட்டா நிறுத்தாதேன்னு கத்தறா, அவளைவிட உனக்கு வாய் அதிகமான்னு கேட்டாங்க" என்றான். "தெரிஞ்சேதான் வாங்கிக்கிட்டேன்க்கா. அதான் அவளுக்கு உடம்பு சூடானா எனக்கு வீட்டுல இருக்க முடியலை. இன்னொரு தடவை படி."

இன்னொரு தடவை படித்தேன். அவன் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.